கொண்டை ஊசிக் கம்பி

தம்பிக்கு அக்கா எழுதுவது.

என்னைக் கேட்காமல் என் ஹாம் ரேடியோ ஆன்டெனாவில் கொண்டை ஊசி போல் வளைத்துப் பூட்டியிருந்த கம்பியை அறுத்தாய். அது முதல் தவறு. உன் கைவேலையால் வந்த கோளாறுக்கு ஆன்டெனாவையே குற்றம் சொல்லி, "பழையது, பழுது, இறக்கிவிடலாம்" என்று குடியிருப்போர் சங்கத்துக்கு இன்ஜினியராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். அது இரண்டாவது. இருபதாம் தேதி கூட்டத்தில் கம்பத்தை இறக்கத் தீர்மானம் போடப் போகிறார்கள்.

நான் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த இரண்டு நாளில் மொட்டை மாடி ஏறியிருக்கிறாய். கம்பியில் மீட்டர் வைத்தால் பூஜ்யம் ஓம். "அக்கா இத்தனை வருஷமா ஷார்ட்டோட பேசிட்டிருந்திருக்கு அத்தான்!" என்று சிரித்தாயாம். அப்படியென்றால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஞாயிறுதோறும் யாருக்கடா பதில் சொன்னாய்?

உன் மீட்டர் பேட்டரியை வைத்து அளக்கிறது. பேட்டரிக்கு அந்தக் கம்பி ஷார்ட்தான். ரேடியோ அலைக்கு அது ஒரு சுருள். ஆன்டெனாவின் நடுவில் இருப்பது இருபத்திரண்டு ஓம், கேபிள் ஐம்பது. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதே அந்தக் கம்பி. நான் கல்லூரி வாசலை மிதிக்காதவள். மூன்று வருடம் கம்பியை வளைத்து வளைத்துத்தான் இதைக் கற்றேன்.

ஆன்டெனாவுக்குக் கீழே கேபிளை ஆறு சுற்றுச் சுற்றி வைத்திருந்தேன். அசிங்கமாகத் தொங்குகிறது என்று அதையும் பிரித்துவிட்டாய். கேபிளின் வெளிக் கம்பிப் பின்னல் வழியாக மின்னோட்டம் இறங்காமல் தடுத்தது அந்தச் சுற்றுதான். அது போனதும் நான் பேசியதெல்லாம் கீழ்வீட்டு டியூஷன் டீச்சரின் ஸ்பீக்கரில் கேட்டது. சிக்னல் பலம் ஐம்பத்தொன்பது என்று நான் சொல்ல, கணக்குப் பாடத்தில் நான்கு பிள்ளைகள் அதையே விடையாக எழுதிவிட்டார்களாம். டீச்சர் புகார் கொடுத்தார். சங்கச் செயலர் உன்னைக் கேட்டார். நீ கையெழுத்துப் போட்டாய்.

நீ போன மறுநாள் அத்தானும் நானும் கம்பத்தைச் சாய்த்தோம். "கண்ணுல மருந்தோட மாடி ஏறுறியே, சொன்னாக் கேக்குறியா?" என்று அவர் ஓயவில்லை. "வாயை விட்டுட்டுக் கயித்தைப் பிடிங்க" என்றேன். புதுக் கம்பி வளைத்துப் பூட்டினேன். கேபிளைப் பழையபடி சுற்றினேன். ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் பவரைக் காட்டும் முள் அசையவே இல்லை. டீச்சரே மாடி ஏறி வந்து, "சத்தமே இல்லையேம்மா, பேசறதை நிறுத்திட்டீங்களா?" என்றார். அப்போதுதான் இரண்டு மணி நேரம் பேசி முடித்திருந்தேன்.

செயலர் மட்டும் மசியவில்லை. "இன்ஜினியர் எழுதினது இருக்கே, அவர் மாத்தி எழுதட்டும்" என்கிறார்.

மூன்று ஞாயிறாக நீ ரேடியோவில் வரவில்லை. உன் ஊரிலிருந்து பேசும் மற்றவர்கள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, ஆகவே குறை என் பக்கம் இல்லை. போனிலும் அத்தானிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய்.

இனி ஆக வேண்டியது. நீ, சங்கத்துக்குக் கொடுத்த முதல் கடிதம் தவறு, கம்பியை அறுத்ததும் கேபிளைப் பிரித்ததும் நான்தான் என்று கையெழுத்திட்டுப் பதினெட்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அத்தான் அதைச் செயலர் கையில் கொடுப்பார். டீச்சர் கூட்டத்தில் எழுந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் ஆன்டெனாவை உன் திசைக்குத் திருப்பிக் கூப்பிடுவேன். நீ பதில் சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று சொல், போதும்.

நன்றாய் இரு.

உன் அக்கா