கணக்கில் முடிந்த வீடு

12-6-1974, புதன்.

புது வீடுகளை எண்ண ஊத்துக்கோட்டைப் பக்கம் போனேன். வீடு பெருகினால் வட்டாரம் வளர்கிறதாம்; மேலதிகாரிக்கு அந்த எண்ணிக்கை வேண்டும். போன வருஷம் வெயிலுக்குச் சோம்பி டீக்கடையிலேயே உட்கார்ந்து, சுவர் எழும்பியதையெல்லாம் கட்டி முடிந்த வீடு என்று எழுதிவிட்டேன்.

இன்று ராஜம்மாள் என்பவளின் வீட்டைப் பார்த்தேன். நாலு சுவர்தான் நிற்கிறது, மேலே தளம் இல்லை.

"ஊடு முடிஞ்சிபோச்சின்னு எவனோ எழுதிக்கினு பூட்டானாம் சார். அதைக் காட்டி சிமெண்டு பர்மிட் இல்லன்றாங்க. நீங்களாவது பாத்து எழுதுங்க" என்றாள்.

விசாரிக்கிறேன் என்றேன். அந்த எவனோ நான்தான்.

"இன்னா சார், வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். உள்ளேயும் அதே வெயில்.