ஐந்து வயதுக் கவுன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. ஃபோனில் சொல்லலாமே என்பீர்கள். ஃபோன் அத்தை கையில், அதுவும் ஸ்பீக்கரில். உங்கள் அம்மாவைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிச் சொல்வேன்?

நம் சிட்டுவுக்கு நீங்கள் அனுப்பிய மஞ்சள் கவுன் வந்தது. ஐந்து வயது என்று பட்டையில் போட்டிருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்ட ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே" என்று பூரித்துப் போனீர்கள். அளவெடுத்துத் தைத்ததுதான். கீழே நாலு விரல் வெட்டி, தோளைப் பிடித்து, கையைச் சுருக்கி, நம் வீட்டு மெஷினில் நான் தைத்தது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கவுனுக்கும் இதே கதிதான். "தூரத்துல இருக்கிறவன் மனசு சங்கடப்படக் கூடாதும்மா" என்பார் அத்தை. ஊருக்கே தைத்துக் கொடுப்பவளுக்கு இது ஒரு வேலையா?

போன வாரம் சுகாதார நிலையத்தில் நடந்த கர்ப்பிணிகள் வகுப்புக்குச் சிட்டுவையும் கூட்டிப் போனேன். நர்ஸ் அவளைப் பார்த்து, "மூணு வயசு முடிஞ்சுதா?" என்று கேட்டார். ஐந்து ஆகப் போகிறது என்றேன். சுவரோரம் நிறுத்தி அளந்தார். இவளைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டம் என்று அத்தை அரை வயிற்றுக்குத்தான் போட்டார் என்று சொன்னேன். "வயித்துல இருக்கிறப்பவும் முதல் ரெண்டு வருஷத்துலயும் விட்டுப்போன வளர்த்தியை அப்புறம் முழுசாப் பிடிக்க முடியாதும்மா. இவளுக்கு இனிமேலாவது நல்லாக் கொடு. உள்ள இருக்கிறதையும் பட்டினி போட்டுடாதே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது. நாலு பெத்தவ எனக்கு அவ பாடம் எடுக்கிறாளா?" என்றார் அத்தை. இப்போதும் அதே அரைத் தட்டுதான். சத்து மாத்திரையையும் எடுத்து ஒளித்துவிட்டார். வகுப்புக்கும் இனிப் போகக் கூடாதாம். அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி என் காலைப் பிடித்துவிடுகிறார், தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. பிரியமாகவே பட்டினி போடுகிறார். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. நீங்களோ ஃபோனில் அத்தை சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு, "அம்மா சொல்றதைக் கேளு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டீர்கள். ஈரத்துணியை வயிற்றில் போட்டுக்கொண்டு படுப்பது நீங்கள் இல்லையே.

நாளையிலிருந்து நானே போட்டுச் சாப்பிடப் போகிறேன். மாத்திரையும் வாங்கிப் போடுவேன், வகுப்புக்கும் போவேன். அத்தை தினமும் அழுதுகொண்டே உங்களைக் கூப்பிடுவார், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகும் கூப்பிடுவார். நீங்கள் சொல்லும் பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கவுன்களில் வெட்டிய துணிகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒட்டுப் போட உதவும் என்று பத்திரப்படுத்தியவை. பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொன்றாக நீட்டி வைத்துப் பாருங்கள். உங்கள் மகள் வளராமல் போன உயரம் அது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாப்பிடுங்கள். அடுத்த கவுனை மூன்று வயது அளவிலேயே வாங்குங்கள். இனி நான் வெட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா