நீ விட்டுவைத்த மூச்சுக்கிளை

நண்பா,

காலையில் சாளரத்தைத் திறந்தேன். அறுபட்ட தேயிலைத் தண்டின் பச்சை வாடை அறைக்குள் புகுந்தது. எதிர்மலையில் கவ்வாத்து தொடங்கிவிட்டது. நிரை நிரையாகச் செடிகளின் தலையைச் சீவுகிறார்கள். நீ மறைந்தபின் வரும் முதல் கவ்வாத்து; அந்த நிரையில் நீ இல்லை.

‘கட்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லால் உலகையே நடத்தியவன் நீ. விளக்கு அணைந்தால் கட். பேருந்து வராவிட்டால் கட். மைத்துனனோடு பேச்சு நின்றாலும் கட். நான் விடுவேனா? மின்தடை, போக்குவரத்துத் தடை, உறவு முறிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல்லை எடுத்துவைப்பேன்.

“யோவ் பேச்சாளரே, நீ வார்த்தை தேடி முடிக்கிறதுக்குள்ள கரண்டே வந்துருச்சுய்யா!” என்பாய்.

என் மேடையுரைகளிலும் கை வைத்தாய். அதற்கு மட்டும் கட் என்று சொல்லமாட்டாய், கவ்வாத்து என்பாய். பூண்டுலோயாவில் நடந்த கூட்டத்துக்கு முன் நான் படிக்கப் படிக்க, “இது வேணாம், இதுவும் வேணாம்” என்றாய்.

“எதைத்தான் மிச்சம் வைப்பாய்?” என்று சீறினேன்.

“செடி மூச்சு விட ஒரு கிளைய வெட்டாம விடுவோம்ல, அந்த மாதிரி ஒன்னு இருக்கட்டும்.”

நீ விலக்கிய அடுக்குமொழி ஒன்றை நான் பிடிவாதமாகப் பேசினேன். களம் அதிரக் கைதட்டினார்கள். “சரி சரி, அதுவும் கிளைதான்” என்று ஒப்புக்கொண்டாய்.

இன்று மாலை, காலைதோறும் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் நம் பெரட்டுக் களத்தில் கூட்டம். மேட்டில் எழுந்துள்ள உல்லாச விடுதிக்குத் தண்ணீரைத் திருப்ப, நம் லயக் குடியிருப்புகளின் குடிநீர்க் குழாயைத் தோட்ட நிர்வாகத்தார் அறுத்துவிட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகுமுன் பெண்கள் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமக்கிறார்கள். உன் மனைவியும் சுமக்கிறார். நேற்று என் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. அவரு இல்லன்னு நீங்க பேசாம இருந்துறாதீங்க.”

எழுத உட்கார்ந்தேன். பக்கம் பக்கமாகச் சினம் பொங்கியது. பிறகு நானே கவ்வாத்தில் இறங்கினேன். வசை வீழ்ந்தது, வரலாறு வீழ்ந்தது, நான் பெரிதும் விரும்பிய உவமையும் வீழ்ந்தது. ஒரு கிளை எஞ்சியது:

“குழாயை இன்றே பொருத்துங்கள், தவறினால், நாளை விடியலில் நாங்களே பொருத்துவோம்.”

தாள் எனக்குத் தேவையில்லை. இடையில் ஒலிபெருக்கியை அவர்கள் கட் செய்யக்கூடும். உன் சொல்லையே சொல்கிறேன், சிரித்துக்கொள். இந்த ஒரு வரியைக் கடைசி லயம்வரை கொண்டுசேர்க்க என் தொண்டை போதும்.