இடது இறக்கை இரண்டு

மச்சான்,

இன்று காலை எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் யாரோ உடைந்த பிளாஸ்டிக் சீப்பை அடுப்பில் போட்டுவிட்டார்கள். அந்த நாற்றம் சுவரேறிக் குதித்து எங்கள் காம்பராவுக்குள் வந்தது. உன் தங்கச்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய், போட்டவனின் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிவிட்டு வந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்றத்துக்குப் பின்னால் நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். வந்தாய். விரலெல்லாம் கறுப்பு மை.

நாம் இருவரும் எவ்வளவு பெரிய மனிதர்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ பெக்டரியில் தேயிலைப் பெட்டிகளின்மேல் எழுத்து வெட்டிய தகடு வைத்துத் தோட்டத்தின் பெயரை எழுதுகிறவன். அதாவது லண்டன் மாநகரமே உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் தேநீர் குடித்தது. நான் சின்னதுரை பங்களாவில் கோக்கி. என் கோழிக்குழம்பு கொதித்தால் வட்டவளையில் ரயில் தானாக நின்றுவிடும். இதை நான் சொல்லும்போதெல்லாம் நீ, "சிக்னல் விழுந்திருக்காது மச்சான்" என்பாய்.

உனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு முன்னால், மாரியம்மன் கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசிக் கண் திறப்பது. அன்று நீ பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாய். திரை கட்டி, சிலையின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்றுதான் தூரிகையை நீட்டுவாய். சிலையின் முதல் பார்வை கண்ணாடியில் தெரியும் அதன் முகத்திலேயே விழ வேண்டும். அடுத்தது கன்றுக்குட்டி. அதற்குப் பிறகுதான் மனிதர்கள். முதல் பார்வையை மனிதன் தாங்கமாட்டான் என்பாய். கண்ணாடி பிடிப்பது நான். கை வலிக்கிறது என்று ஒரு வருஷம் முனகியதற்கு, திருவிழா முடியும்வரை நீ என்னோடு பேசவில்லை.

அந்தச் சின்னதுரையை நினைத்துப் பார். பெரியதுரைக்குக் கீழே தோட்டம் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த இளவட்டம். மீசை முளைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முகம். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது, திட்டத் தெரியாமல் "ப்ளீஸ்" என்று சொல்லிக் கங்காணிமாரைக் கண்கலங்க வைத்தவர். பூமியில் தேயிலை முளைத்த நாளிலிருந்து அப்படி ஒரு துரையை எவரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை பின்னேரம் ரயிலேறிக் கொழும்புக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டப் பழகினார். கூடவே ஒரு வாத்தியார் உட்கார்ந்திருப்பாராம். அடுத்து, வாத்தியார் இல்லாமல் தனியாகப் போக வேண்டும்.

அவர் பழகிய அதே சாதி விமானத்தின் சின்ன உருவம், துண்டு துண்டாக ஒரு பெட்டியில் அடைத்து, அட்டனில் நானா கடைக்கு வந்திருந்தது. ஒட்டிக் கட்டினால் முழங்கை நீளம் வரும். ஆசையாக வாங்கி வந்து பங்களா மேசையில் கொட்டினார். இரண்டு இறக்கையும் இடப்பக்கத்து இறக்கை. உடம்பின் இரண்டு பாதிகளும், கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, ஒன்றையொன்று தொடவே மறுத்தன. நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு கொழுந்து லொறி போய்த் திரும்பலாம்.

மாற்றிக் கேட்டு வா என்று என்னை அனுப்பினார். நானா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு இறக்கையையும் புரட்டிப் பார்த்தார். "இது பறக்குற சாமான் இல்லியே தம்பி, மேசைல வைக்கிற சாமான். எந்தப் பக்கத்து ரெக்கையா இருந்தா என்ன?" என்றார். இந்த ஞானத்தையும் பெட்டிக்குள் போட்டு மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்படித்தான் பெட்டி உன் கைக்கு வந்தது. நீ ஒரு இறக்கையைக் கவிழ்த்து வலப்பக்கம் வைத்துப் பார்த்தாய். முன்விளிம்பு முன்னுக்கு வந்தது. ஆனால் வயிறு மேலே, முதுகு கீழே. பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் குச்சிகளைப் பசையில் ஊறப்போட்டுக் கூழாக்கினாய். அது போதாமல் உன் தங்கச்சியின் சீப்பை உருக்கினாய். அவள் லயம் முழுக்கத் தேடிவிட்டு, குரங்கு தூக்கிப்போய்விட்டதாக முடிவு செய்தாள். அந்தக் குரங்கு அவள் கூடப் பிறந்தது என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை. கூழைப் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வயிற்றை முதுகாக்கினாய். வால் கனத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, தேயிலைப் பெட்டிக்கு உள்ளே ஒட்டும் ஈயத்தாளை உருட்டி மூக்குக்குள் திணித்தாய். முன்சக்கரம் பணிவாகத் தரையைத் தொட்டது. சின்னதுரை கைதட்டினார்.

அத்தோடு நின்றிருக்கலாம்.

விமானத்தில் உட்கார்ந்திருந்த பொம்மைக்கு முகமே இல்லை. கொழுக்கட்டை மாதிரி ஒரு உருண்டை. ஒரு மழைப் பின்னேரம், பெக்டரியில் நீ எழுத்துப் போடும் பெட்டி அறையில், சின்னதுரை உனக்கு எதிரே உட்கார்ந்து, முகவாயை மேசையில் வைத்து, அதை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நான்தானே. கண்ணு போடு" என்றார். உன் கையில் மை நனைத்த தூரிகை இருந்தது. பழகின கை. பெட்டிக்கு எழுத்துப் போடுகிற வேகத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டாய். வைத்த பிறகுதான் நிமிர்ந்தாய். பொம்மையின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், சிரித்தபடி சின்னதுரை. திரை இல்லை. கண்ணாடி இல்லை.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற நான், பொம்மை தன் துரையைப் பார்த்துவிட்டது, இனி லீவு கேட்கும் என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார். நீ தூரிகையைக் கழுவாமல் வைத்தாய். நீ அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

போகும்போது வாசலில் நின்று சின்னதுரை தன் கொழும்புத் தமிழில் சொன்னார்: "இது முடிஞ்சா நான் தனியா பறக்கிறது. முடியாட்டி போறது இல்ல. இதுதான் என்ட அதிர்ஷ்டம்."

அந்த நாளுக்குப் பிறகு அந்த விமானம் முடியவே இல்லை. மூக்கு மயிரளவு கோணல் என்று வெட்டி மறுபடி ஒட்டினாய். இறக்கையில் தகடுகள் சேரும் கோடுகள் தப்பு என்று எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு, தையல் ஊசியால் புதிதாகக் கீறினாய். மேல்மூடி மங்கல் என்று பற்பொடி போட்டு வாரக்கணக்கில் துடைத்தாய். மிஞ்சிய குச்சியை விளக்கில் காட்டி, தலைமயிர் பருமனுக்கு இழுத்து, முதுகிலே கம்பி கட்டினாய். மறுநாள் நீயே அதை அறுத்தாய். சின்னதுரை வந்து கேட்கும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் இருக்குங்க தொரை." அவரும் ஒவ்வொரு திருத்தத்தையும் பார்த்துப் பூரித்துப்போய், கொழும்பில் வாத்தியாரிடம் இன்னும் ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கு விளையாட்டு. நீ ஏன் முடிக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷ மழையைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு அவசியமே ஏற்படவில்லை. எதிர்மலை காணாமல் போயிருந்தது. பெக்டரிக் கூரைமேல் ஏதோ குந்தியிருப்பது போலப் பகலிலேயே இருட்டு. மேல்மலையிலிருந்து கொழுந்துச் சாக்கு இறங்கும் கம்பி, சாக்கு இல்லாத நேரத்திலும் முனகியது. நீ ஈரச் சுவரோரம் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் சோற்றுச் சட்டியோடு வந்து சத்தம் போட்டேன்.

"பொம்மைடா அது. பிளாஸ்டிக்கு."

"நம்ம சாமி மட்டும் என்னாவாம்? களிமண்ணுதானே" என்றாய்.

நான் சோற்றைப் போட்டு உன் பக்கம் தள்ளினேன்.

ஒரு சனிக்கிழமை சின்னதுரை மழைக்கோட்டோடு பெட்டி அறை வாசலில் வந்து நின்றார். நாளைக்குத் தனியாகப் போக வேண்டும், இனியும் தள்ளினால் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்றார். முடிந்தாலும் போவார், முடியாவிட்டாலும் போவார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நீ விமானத்தைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய். பிறகு, அமைதியாக, "முடிஞ்சிருச்சுங்க தொரை. தைரியமா போய்ட்டு வாங்க. வந்து எடுத்துக்கலாம்" என்றாய்.

மறுநாள் ஞாயிறு. பெக்டரியில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. காம்பராவில் உன்னைக் காணாமல், சோறு எடுத்துக்கொண்டு பெட்டி அறைக்கு வந்தேன். பொம்மையின் கண்களைப் பிளேடால் சுரண்டி எடுத்திருந்தாய். வெறும் உருண்டை. பக்கத்தில் புதிதாகக் கரைத்த மை. நீ பச்சைத் தண்ணீரும் குடிக்காத முகத்தோடு, தூரிகையை நுனி கூட்டிக்கொண்டிருந்தாய்.

"இரு, கண்ணாடி கொண்டாறேன்" என்றேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

"வேணாம் மச்சான். ஒரு தடவ மனுசனப் பாத்த கண்ணு, கண்ணாடியப் பாத்து ஏமாறாது. அதுக்கு ஆள் வேணும்."

"யார் ஆளு?"

"தொறந்தது யாரு?"

மேசையில் முகவாயை வைத்தாய். அவர் வைத்த அதே இடம். கையை மட்டும் பக்கவாட்டில் வளைத்து நீட்டி, முதலில் வலது, பிறகு இடது. இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். கூரையில் மழை கொட்டியது. நான் சோற்றுச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை பேச்சுப் பேசுகிறவன், ஓடிவந்து உன் முகத்தை ஒரு தள்ளுத் தள்ள நினைத்தேன். தள்ளவில்லை. நீ எழுந்து, தூரிகையை நன்றாகக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "சோத்தப் போடு, பசிக்குது" என்றாய்.

திங்கட்கிழமை சின்னதுரை வந்தார். பங்களாவுக்குள் போகாமல் நேரே உன்னிடம் வந்தார். கடலுக்கு மேலே போனதும் இஞ்சின் அடங்கிவிட்டதாம். சத்தமே இல்லையாம். மூக்கு கீழே பார்க்கத் தொடங்கியதாம். தான் எதுவுமே செய்யவில்லை, அது தானாகவே மறுபடி உறுமி எழும்பியது என்று, கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார். எப்போது என்று கேட்டாய். சாப்பாட்டு நேரம் என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை. விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் கொடுத்தாய். அவர் அதைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் மாறியிருப்பதைக் கவனிக்கவில்லை.

உன் இருமல் அந்த வாரம் காய்ச்சலாகியது. அட்டன் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொழுந்து லொறியில் ஏற்றிப் போனோம். மார்ச்சளி என்றார் டாக்டர். ஈர அறையில் அத்தனை நாள் குந்தியிருந்த எவனுக்கும் வரும் என்றார். நானும் அதைத்தான் நம்புகிறேன், வெயில் அடிக்கிற நாட்களில். கடைசியாக நான் வந்தபோது உனக்கு இரண்டு வாக்கியத்துக்குத்தான் மூச்சு இருந்தது. "தொரை இந்த வாரமும் போனாரா?" என்று கேட்டாய். போனார், வந்தார், இன்று காலை பெரட்டில் நின்றார் என்றேன். "அப்ப சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். மறுநாள் அதே லொறியில் உன்னைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம், புதைக்க.

சின்னதுரை பிறகு தோட்ட வேலையை விட்டுவிட்டு விமானம் ஓட்டும் வேலைக்கே போய்விட்டார். அந்தப் பொம்மை அவர் மேசையில் எங்கோ இருக்கும். அவருக்கு எதுவும் தெரியாது. உன் தங்கச்சி இன்றைக்கும் கேட்பாள், "லீவு நாளுல, அந்த மழையில, அண்ணே அங்க என்னாதான் செஞ்சுச்சு?" என்று. வர்ணம் காயவைத்தான் என்பேன்.

நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது இந்தத் தோட்டத்து வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. அதற்கென்றே இரண்டு பங்காகச் சொல்லிப் பழகியவன் நான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்து வாய்வரை கொண்டுவந்து, எத்தனையோ தடவை விழுங்கிவிட்டேன். இதில் எந்தப் பாதியைக் கழிப்பார்கள், மச்சான்? நீ உன் முகத்தைக் கொண்டுபோய் வைத்ததையா, அவர் திரும்பி வந்ததையா? அவர் திரும்பி வந்ததைக் கழித்தால் நீ பைத்தியக்காரன். நீ முகம் வைத்ததைக் கழித்தால் நீ எதற்கும் இல்லாமல் செத்துப்போனவன். அதனால் இரண்டையும் முழுதாக, ஒரு சொல் கூட்டாமல், நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.