மூன்று நாள் வெயில் ஆகாது

கன்னத்தில் கருப்பாகப் படர்ந்த மங்குக்கு லைட் ட்ரீட்மென்ட் எடுக்க வேண்டும் என்று பூங்கொடி சொன்னபோது, "எனக்கு நீ இப்படியே போதும்" என்றான் அவள் கணவன் சின்னையன்.

"எனக்குப் போதாதுங்க" என்றவள், நேற்று வடகரப்பதியிலிருந்து தனியாகவே கோயமுத்தூர் போய்வந்தாள். முகம் சிவந்திருந்தது. மூன்று நாள் வெயில் ஆகாது என்றாராம் டாக்டர்.

காலையில் அவள் எழும் முன்னே தக்காளி பறிக்கக் கிளம்பிய சின்னையன், காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்:

"பூங்கொடி, இன்னிக்குக் காட்டுக்கு வராதே. ஆளுங்களை நானே பாத்துக்கறேன். உப்புமா மூடி வெச்சிருக்கறேன், உப்பு கொஞ்சம் கம்மி. மோட்டார் ரூம் சாவி எங்கிட்ட இருக்குது, தேடாதே. எங்க அக்கா வந்து மஞ்சள் பூசச் சொன்னா பூசாதே. டாக்டர் குடுத்த களிம்பு மட்டும் போடு. மூஞ்சி ஏன் செவந்திருக்குதுன்னு கேட்டா, என்னையக் கேக்கச் சொல்லு. நீ கூப்பிட்டப்பவே நான் வந்திருக்கோணும். அடுத்த தடவை வர்றேன்."

கதவு வரை போனவன், சுவர்க் கண்ணாடி முன் நின்றான். பிறகு திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினான்:

"என் மூக்குமேலயும் கருப்பாத்தான் இருக்குது. ஆம்பளைங்களுக்கும் அந்த லைட்டு அடிப்பாங்களா? சிரிக்காம சொல்லு."