தம்ளருக்கு ஓர் எண்

மார்ச் 3, திங்கள்
எங்கள் ஆய்வகத்தின் வரலாற்றை இனி இன்றைக்கு முன், இன்றைக்குப் பின் என்றே பிரிக்க வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் எண் ஒட்டுவதென்று தலைமை அதிகாரி முடிவெடுத்தார். எண் இல்லாத கருவியில் செய்த சோதனைக்கு அறிக்கை கிடையாது. சுவர்க்கடிகாரம் கருவியா என்பதில் நாற்பது நிமிடம் போனது. கருவிதான். எண் 17.

மார்ச் 5
எதிர்வீட்டுத் தையற்கார அக்காவின் பூனை, மேஸ்திரி. வெட்டும் மேசையில் உட்கார்ந்து வேலை வாங்குவதால் அந்தப் பெயர். வயிறு உப்பியிருக்கிறது, சாப்பிடுவதில்லை. ரத்தம் சோதனைக்கு வந்தது. பூனைக் கொரோனா (மனிதருக்கு வருவது வேறு) எதிர்ப்பொருள்: பாசிட்டிவ். கிருமி எப்போதோ உள்ளே வந்தது என்பதற்கு மேல் இதற்குப் பொருள் இல்லை. எத்தனையோ பூனைகளுக்கு இருக்கும். உயிரெடுக்கும் நோயாக முற்றுவது சிலவற்றுக்கே.

மார்ச் 6
கால்நடை மருத்துவர் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு வாசிப்பை முடித்துக்கொண்டார். பிழைக்காது, வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். போனில் கெஞ்சி, வயிற்றில் கட்டியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்தனுப்பக் கேட்டேன்.

மார்ச் 7
நீர் வந்தது. தம்ளரில் தண்ணீர், ஒரு சொட்டு வினிகர், மேலே ஒரு சொட்டு வயிற்று நீர். அந்த நோயானால் சொட்டு கரையாமல் தொங்கும். கரைந்தே போனது. மூன்று முறையும். அப்படியானால் பெரும்பாலும் அது இல்லை. ஈரலையோ இதயத்தையோ பார்க்க வேண்டும்.

அறிக்கை கணினியில் ஏறவில்லை. கருவி எண் கேட்கிறது.

“தம்ளருக்கு நம்பர் இருக்கா?” என்றார் தலைமை.

“ஒட்டிடலாம் சார்.”

“நீயா ஒட்டுவே? அப்புறம் நம்பர் குடுக்கற கமிட்டி எதுக்கு?”

கடிகாரத்தின் எண்ணைப் போட்டேன். கணினி ஏற்றுக்கொண்டது. அவர் ஏற்கவில்லை.

மார்ச் 8
மருத்துவரிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். “இருக்குன்னு எழுதிக் குடுத்தது நீங்க. இல்லைன்னா அதையும் எழுதிக் குடுங்க.” பேச்சில் குற்றம் காண முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

அக்காவிடமும் சொன்னேன். “டாக்டர் பேப்பரைப் பார்த்து சொல்றார். நீ வாசல்ல நின்னு சொல்றே. நான் யாரை நம்பறது, தம்பி?”

ரெண்டு நாள் பொறுங்கக்கா என்றேன். கமிட்டி கூடுறதே புதன்கிழமை. எந்தத் தைரியத்துல ரெண்டு நாள்னேன்?

மார்ச் 10
தம்ளருக்கு எண் இன்னும் இல்லை.

மார்ச் 11
காலையில் ஊசி போட்டாயிற்று. அக்காவின் வெட்டும் மேசையில் துணி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை விரிந்து கிடக்கிறது.

மார்ச் 12, புதன்
கமிட்டி கூடியது. தம்ளரின் எண் 43.