தொப்பிக்கு மேல் ஒரு பரிவட்டம்

திம்புள்ள,
ஆவணி, 1962

அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையைத் தவிர மற்ற எல்லாரும் அடக்கமாக, நலமாக இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

பெண் பொலிசில் சேர என் சம்மதம் வேண்டும் என்றும், அந்த வேலையைப் பற்றிய புத்தகம் எங்காவது கிடைத்தால் அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். நமக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை பதிவானது இதற்குத்தானா என்று உன் அம்மாவிடம் கத்தினேன். வேலைநிறுத்தத்தின்போது நோட்டீஸ் எழுதிக் கொடுத்தேன் என்று என்னை ஸ்டேசனில் உட்கார வைத்து, என் குடையையும் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராமல் அனுப்பிய சார்ஜன் பியதாசவை நான் மறக்கவில்லை. மூங்கில் பிடி போட்ட நல்ல குடை. அதற்குப் பிறகு வாங்கிய எதுவும் இந்த மலைக்காற்றுக்கு நிற்பதில்லை.

இப்போது கேள். போன மாதம் மண் சரிந்து கீழ் லயத்து வீடுகளை மூடியபோது, கிழவி ராக்காயியை முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தவர் அதே பியதாச. தோட்டமே அவரைப் புகழ்கிறது. திருவிழாவில் அவருக்குப் பரிவட்டம் கட்டுவதென்று முடிவு செய்து, கோயில் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் என்னிடமே வந்து, "மாஸ்டர், நாலு வார்த்த நீங்கதான் எழுதிப் படிக்கணும், ஒங்க கோவத்த வீட்டுல வச்சிட்டு வாங்க" என்றார். எழுதினேன். குடையைப் பற்றி ஒரு வரி எழுதி, அடித்தும் விட்டேன்.

நம் பூசாரி பழனியாண்டிக்கு இத்தனை வருடமும் வெள்ளைக்காரத் துரைமாருக்குக் கட்டித்தான் பழக்கம். துரை தொப்பியைக் கழற்ற மாட்டார், இவரும் கேட்க மாட்டார், தொப்பியைச் சுற்றியே கட்டிவிடுவார். சார்ஜன் கழற்றக் கையைத் தூக்குவதற்குள் பொலிஸ் தொப்பியின் மேலேயே கட்டி முடிச்சும் போட்டாயிற்று. ராக்காயி, "அட பாவி பழனியாண்டி, என்னையத் தூக்கியாந்த ராசாவுக்குத் தண்ணிப்பானைக்கு வேடு கட்டுன மாதிரியா கட்டுவ" என்று கூவ, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாமி தோட்டம் சுற்றி வரும்வரை மனிதர் அவிழ்க்கவில்லை. நான் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் குடைக்கு அது சரியாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் உனக்காக மட்டும்தான் அந்த ஸ்டேசன் படியேறினேன். விஷயத்தைச் சொன்னதும் பியதாச தான் படித்த பழைய இங்கிலீஷ் பொலிஸ் கைநூலையே எடுத்துத் தந்து, "அனுப்புங்க மாஸ்டர், இங்க வார பொம்பளைங்க ஆம்பளைங்க எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லமாட்டாங்க தானே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து துணி தலையில தானே கட்டணும்? எனக்குத் தெரியும். அவுத்தா எல்லார் முன்னாலயும் பூசாரி ஐயாவுக்கு வெக்கம்" என்றார். முந்தின நாள் நான் மைக்கில் படித்த புகழ்ச்சி முழுவதும் வெறும் காகிதமாகத் தோன்றியது.

ஆகவே எனக்குச் சம்மதம். புத்தகம் தனிப் பார்சலில் வருகிறது. அவர் பென்சிலால் கோடு போட்ட இடங்களைக் கவனித்துப் படி. காக்கிச் சட்டை போட்டவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று உன் அம்மா அழுகிறாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. அம்மன் அருளால் நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த தலையோடும் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. நாளைக்கு உன் ஸ்டேசனில் எந்த வாத்தியாரை உட்கார வைத்தாலும், போகும்போது அவர் குடையை அவர் கையில் கொடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
இன்னும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போகும் உன் அப்பா
செல்லசாமி